மார்ட்லேக் பர்ட்டன் கல்லறை: கல் எப்படிக் கூடாரத் துணியானது?

கேள்வி இது: லண்டன் மார்ட்லேக்கில் ஒரு கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில் கூடாரம் போலவே ஒரு கல்லறை இருக்கிறது. படத்தில் பார்த்தால் துணியை விரித்து அதன்மேல் சிமென்ட் பூசியது போலத் தெரிகிறது. அது உண்மையில் எதனால் ஆனது? அந்த மடிப்புகளை எப்படிக் கொண்டுவந்தார்கள்? கிறிஸ்தவக் கல்லறையில் பிறையும் நட்சத்திரமும் எதற்கு? உள்ளே போக முடியுமா?

முழுக்கக் கல்தான். பூச்சும் இல்லை, அச்சில் வார்த்ததும் இல்லை. வெளியே கூடாரமாகத் தெரிவது இங்கிலாந்தின் மேற்கே குளோஸ்டர்ஷயரில், ஃபாரஸ்ட் ஆஃப் டீன் என்ற காட்டுப் பகுதியில் வெட்டி எடுத்த மணற்கல். வெள்ளையாகத் தெரியும் பகுதிகள் இத்தாலியின் கராரா பளிங்கு. அடிப்பகுதி 12 அடிக்கு 12 அடி, உயரம் 18 அடி. சிமென்ட் என்று பலருக்கும் தோன்றுவதற்குக் காரணம், கல்லில் இவ்வளவு பெரிய பரப்பைத் துணியாகச் செதுக்குவார்கள் என்று நம் மனம் எதிர்பார்ப்பதில்லை. கையளவு துணி மடிப்பைச் சிலைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒரு கட்டடம் முழுவதையும் துணியாகப் பார்த்ததில்லை.

இது யாருக்கான கல்லறை என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். சர் ரிச்சர்ட் பர்ட்டன் 1821இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்தார். உடல்நலம் தேற 1847இல் நம் ஊட்டியில் வந்து தங்கியவரும்கூட. 1853இல் மாறுவேடத்தில் மெக்கா சென்றார். 1858இல் ஜான் ஸ்பீக் என்ற சக பயணியுடன் ஆப்பிரிக்காவின் டங்கனீகா ஏரியை அடைந்தார். அரபுக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1869 முதல் 1871 வரை டமாஸ்கஸில் பிரிட்டிஷ் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக இருந்தபோது அவரும் மனைவி இசபெல்லும் பாலைவனப் பயணங்களில் கூடாரத்தில் தங்கியவர்கள். அவர்கள் வாழ்வில் மிகவும் நேசித்த காலம் அது. 1890 அக்டோபர் 20ஆம் தேதி டிரியெஸ்ட் நகரில், அங்கே கான்சலாக இருந்தபோதே, பர்ட்டன் இறந்தார்.

மண்ணுக்கடியில் புதைக்கப்படுவது பர்ட்டனுக்குப் பிடிக்கவில்லை, இருவரும் ஒரு கூடாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என இசபெல் எழுதி வைத்திருக்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைக்கவில்லை. இசபெல் தீவிரக் கத்தோலிக்கர். ஆகவே மார்ட்லேக்கின் புனித மரிய மதலேனாள் கோயில் வளாகத்தைத் தேர்ந்தெடுத்தார். 1852இல் கட்டிய சிறிய கோயில் அது. கூடாரத்தின் வடிவம் இசபெல்லின் யோசனை. செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். அதனால்தான் அன்புள்ள நாட்டு மக்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று அதில் பொறித்திருக்கிறது. 1891 ஜூன் 15ஆம் தேதி உடலை அங்கே வைத்தார்கள். 1896 மார்ச்சில் இசபெல் இறந்தபோது அவரது பெட்டியும் அருகில் வந்து சேர்ந்தது.

சரி, மடிப்புக்கு வருவோம். எனக்கு இந்தக் கல்லறையில் மிகவும் பிடித்தது அதுதான்.

துணி போலக் கல்லைச் செதுக்குவது என்றால் நிறைய மடிப்பு போட வேண்டும் என்று நினைப்போம். மடிப்பு கூடினால் துணித்தன்மை கூடும் என்பது தப்பு. கூடாரத் துணி உடுத்தும் சேலை அல்ல. அது முரட்டுத் துணி. கம்புக்கும் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவே இழுபட்டு நிற்பது. எங்கே இழுக்கிறார்களோ அங்கே மடிப்பே இருக்காது, பலகை போல விறைப்பாக இருக்கும். இழுக்கும் புள்ளியிலிருந்து நேர்க்கோடுகள் விரிந்து ஓடும். இரண்டு பிடிகளுக்கு நடுவே துணி தன் எடையில் தொய்யும். சுவராகத் தொங்கும் இடத்தில் மேலிருந்து கீழே அகலமான அலைகள் வரும். அந்த அலைகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்காது. இந்த விதி ஒரு இடத்தில் தவறினாலும் பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் இது கல் என்று உடனே தெரிந்துவிடும்.

மார்ட்லேக்கில் இந்த விதி தவறவில்லை. பக்கச் சுவர்களைப் பாருங்கள்: அலை மெதுவாக எழுந்து மெதுவாக அடங்குகிறது. கூர்மையான சுருக்கம் போட்டு வித்தையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையே இல்லை. மேல்பகுதியின் சரிவு விறைத்த தகடு போல இல்லை. ஈரத்தில் நனைந்து காய்ந்த துணியின் லேசான தொய்வு அதில் இருக்கிறது. செதுக்கியவர்கள் உண்மையான கூடாரத்தின் எடையையும் இழுப்பையும் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி. அலங்காரக் கல்லறை என்ற வகையில் விக்டோரியா காலத்தில் எவ்வளவோ செய்தார்கள். தூக்கலான அலங்காரம் நிறைய. இந்த அளவுக்குக் கையை அடக்கிச் செய்தவை குறைவு.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வேலை நடக்கும் முறை ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளிலும் ஒன்றுதான். முதலில் வரைபடம். அப்புறம் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ சிறு மாதிரி. துணி வேலை என்றால் உண்மைத் துணியையே களிமண் குழம்பில் நனைத்துத் தொங்கவிட்டு, அது காய்ந்து விறைத்ததும் அதைப் பார்த்துச் செதுக்குவதும் சிற்பிகளின் பழைய வழக்கம். மாதிரி முடிவானதும் எந்தக் கல் எந்த வரிசையில், என்ன வளைவில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் துத்தநாகத் தகட்டில் அச்சு வெட்டுவார்கள். அந்த அச்சைக் கல்லின் முனைகளில் வைத்துக் கோடு கீறி, ஒரு முனையின் வளைவு மறுமுனையின் வளைவோடு சேரும்படி நடுவில் உள்ளதைக் கொத்தி எடுப்பார்கள். முதலில் பெரிய சில்லுகளைப் பெயர்க்கும் தடித்த உளி, பிறகு கூர்முனை உளி, பிறகு பல் உளி, கடைசியில் தட்டை உளி. பல் உளி கல்லின்மேல் சீப்பு இழுத்தது போன்ற கோடுகளை விடும். அந்தக் கோடுகள் போகும் திசையைப் பார்த்தே வளைவு சரியாகத் திரும்புகிறதா என்று கல்தச்சர் கண்டுகொள்வார். பிறகு அவற்றைத் தட்டை உளி அழித்துவிடும்.

மணற்கல்லில் இந்த வேலை எளிதே அல்ல. ஃபாரஸ்ட் ஆஃப் டீன் கல் நெருக்கமான, கெட்டியான மணற்கல். அதில் இருப்பது பெரும்பாலும் படிகக்கல் துகள். உளியின் முனையை அது தின்றுவிடும். முனை மழுங்கிய உளிகளைப் பட்டறைக் கொல்லரிடம் கொடுத்துத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட மோசமானது தூசு. மணற்கல் தூசு நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்லும். அந்தக் காலக் கல்தச்சர்கள் பலர் இளம் வயதில் நெஞ்சு நோயால் இறந்ததற்குக் காரணம் இந்தத் தூசுதான். விக்டோரியா காலக் கல்வேலையின் அழகைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் கல்லைத் துணியாக்குவது ஒரு மோகமாகவே இருந்தது. இத்தாலியச் சிற்பி ரஃபாயேல் மோன்டி 1847இல் டெவன்ஷயர் கோமகனுக்காகச் செய்த முக்காடிட்ட கன்னியின் பளிங்குச் சிலை பலரையும் வாய்பிளக்க வைத்தது. முகத்தின் மேல் மெல்லிய திரை விழுந்திருப்பது போலவும், திரைக்கு அடியில் முகம் தெரிவது போலவும் இருக்கும். அதன் ரகசியம் பளிங்கு. வெளிச்சம் பளிங்கின் மேல்தோலுக்குள் கொஞ்சம் புகுந்துதான் திரும்பும். அதனால் மெல்லிய திரை என்ற மாயம் சுலபமாகக் கைகூடும். மணற்கல்லில் வெளிச்சம் துளியும் புகாது. நிழல் ஒன்றுதான் சிற்பியின் கையில் உள்ள கருவி. பள்ளத்தின் ஆழத்தையும் மேட்டின் விளிம்பையும் கூட்டிக் குறைத்தே எல்லாவற்றையும் காட்ட வேண்டும். மார்ட்லேக் கூடாரம் மேகமூட்டமான நாளில் சாதாரணமாகத் தெரிவதும், சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது திடீரென்று துணியாகிவிடுவதும் இதனால்தான். படம் எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில்தான் இது சிமென்ட் போலத் தெரியும்.

கூர்ந்து பார்த்தால் கல் வரிசைகளின் இணைப்புக் கோடுகள் தெரியும். ஒரே கல்லில் 18 அடிக் கூடாரம் முடியாது. வரிசை வரிசையாகக் கட்டியதுதான். ஒரு அலை கீழ்க்கல்லில் தொடங்கி மேல்கல்லில் தொடரும்போது, இணைப்பில் ஒரு நூல் பிசகினாலும் துணி அங்கே கிழிந்தது போலத் தெரியும். கட்டி முடித்தபின் அங்கேயே நின்று இணைப்புகளைத் தாண்டிச் செதுக்கிச் சமன் செய்வதும் இந்த வகை வேலையில் உண்டு. இன்னொரு சிக்கல் தண்ணீர். மடிப்பின் பள்ளம் என்பது மழைநீருக்கு வாய்க்கால். சாதாரணக் கூரையில் நீர் பரவி ஓடும். இங்கே பள்ளங்களில் சேர்ந்து, இணைப்புகளைக் குறுக்கே கடந்து ஓடுகிறது. அழகுக்காகக் கொடுத்த விலை அது. பின்னால் வந்த பழுதுகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

அடுத்து, பிறையும் நட்சத்திரமும். கூடாரத்தின் விளிம்பில் குஞ்சம் போலத் தொங்கும் வரிசையில் பொன் பூசிய பிறைகளும் நட்சத்திரங்களும் இருக்கின்றன. உச்சியிலும் பொன் பூசிய நட்சத்திரம் ஒன்று. வாசலுக்கு மேலே வெள்ளைப் பளிங்கில் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம். பர்ட்டனின் மத நம்பிக்கை என்ன என்பது அவர் வாழ்ந்தபோதே விவாதமாக இருந்தது. இஸ்லாத்தை ஆழமாகக் கற்றவர், கத்தோலிக்கச் சடங்குகளில் நாட்டமில்லாதவர். அவர் இறக்கும் தறுவாயில் இசபெல் குருவானவரை வரவழைத்து, கத்தோலிக்கர்களுக்கு இறுதி நேரத்தில் எண்ணெய் பூசிச் செய்யும் அவஸ்தைப்பூசுதல் சடங்கைக் கொடுக்கச் செய்தார். பர்ட்டனின் நண்பர்கள் பலர் இதை மன்னிக்கவில்லை. கணவரின் முடியாத மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை அவர் எரித்தது வேறு சேர்ந்துகொண்டது. அந்தக் கோபத்தோடு பார்ப்பவர்கள் இந்தக் கல்லறையையும் இசபெல் தன் மதத்தைக் கணவர்மேல் போர்த்தியதாகவே பார்க்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவரை முழுக்கத் தன் மதத்துக்குள் இழுக்க நினைத்திருந்தால் ஒரு கோதிக் சிலுவையை நட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களும் ஆங்கிலிக்கன் சபையின் ஒரு பிரிவினரும் அதைத்தான் வற்புறுத்தினார்கள். கல்லறைத் தோட்டங்களில் நிறைந்திருந்த துணி போர்த்திய தாழி, முறிந்த தூண், தலைகீழ்த் தீப்பந்தம் எல்லாம் கிரேக்க ரோமப் புறமதச் சின்னங்கள், கிறிஸ்தவர் கல்லறைக்கு ஆகாதவை என்று கட்டடக் கலைஞர் பியூஜின் கடுமையாகச் சாடியிருந்தார். அந்தச் சூழலில் ஒரு கத்தோலிக்கப் பெண், கோயில் வளாகத்தின் நடுவே, பிறைகள் தொங்கும் அரபுக் கூடாரத்தை நிறுத்தினார். அதற்குத் துணிச்சல் வேண்டும். சுரூபம் அவருடையது, கூடாரம் பர்ட்டனுடையது. இரண்டையும் ஒரே வாசலில் வைத்தார் என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன்.

உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சவப்பெட்டிகள், கடைசியில் சிறு பீடம், கிழக்கத்திய பாணித் தொங்கும் விளக்குகள், திருப்படங்கள், ஒட்டகக் கழுத்து மணிகள். கதவைத் திறந்தால் அந்த மணிகள் மின்கலத்தின் உதவியால் ஒலிக்கும்படி அமைத்திருந்தார்கள். 1890களில் இது புதுமை. பாலைவனத்தில் கூட்டம் வந்து சேரும் ஓசையைத் தான் வரும்போதெல்லாம் கேட்க வேண்டும் என்று இசபெல் நினைத்திருக்கலாம். விதவையாக அவர் இந்தக் கூடாரத்துக்குள் வந்து நேரம் கழித்தவர்.

வாசல் பக்கத்தில் வெள்ளைப் பளிங்கில் விரித்த புத்தகம் ஒன்று செதுக்கியிருக்கிறது. அதில் பர்ட்டனின் பெயர் உள்ளது. எழுத்தாளர் ஜஸ்டின் ஹன்ட்லி மெக்கார்த்தி எழுதிய அஞ்சலிக் கவிதையும் வாசல் பக்கத்தில் பொறித்திருக்கிறது. பளிங்கில் எழுத்து என்றதும், பக்கத்துக் கல்லறைகளுக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கராரா பளிங்கு செதுக்க வெண்ணெய், ஆனால் லண்டன் நிலக்கரிப் புகைக்கு அது தாங்காது. புகையில் உள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து பளிங்கின் மேல்தோலை ஜிப்சமாக மாற்றிவிடும். தொட்டால் சர்க்கரை போல உதிரும். வெட்டிய எழுத்து சில பத்தாண்டுகளில் மங்கிப் போகும்.

இதற்கு விக்டோரியா காலக் கைவினைஞர்கள் கண்ட வழி ஈய எழுத்து. எழுத்தைப் பளிங்கில் தட்டையான பள்ளமாக வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் சிறு துளைகளைச் சாய்வாகத் துளைப்பார்கள், ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்தது அந்தப் பக்கம். மேலே ஈயத் தகட்டை வைத்து மரச்சுத்தியால் அடிக்க, மெத்தென்ற ஈயம் பள்ளத்தை நிரப்பித் துளைகளுக்குள்ளும் புகுந்து பிடித்துக்கொள்ளும். துளைகள் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் நேராக இழுத்தால் வராது. மிஞ்சிய ஈயத்தை உளியால் சீவி, கல்லோடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். வெள்ளைக் கல்லில் கருஞ்சாம்பல் எழுத்து, மை தேவையே இல்லை. எந்தப் பழைய இங்கிலாந்துக் கல்லறைத் தோட்டத்திலும் விரலால் தடவிப் பாருங்கள்: எழுத்து கல்லின் மட்டத்தைவிடச் சற்றே எழும்பி நிற்கும். எழுத்து எழவில்லை, சுற்றியிருந்த பளிங்குதான் கரைந்து இறங்கியிருக்கிறது. செய்த அன்று இரண்டும் ஒரே மட்டம் என்பதால், நூறு வருஷத்தில் எவ்வளவு கல் போனது என்பதை அந்த மேட்டிலேயே அளந்துவிடலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்து உதிர்ந்த இடத்தில் அந்தச் சிறு துளைகள் கண்ணுக்குத் தெரியும். அந்தத் துளைகளின் வரிசையை வைத்தே உதிர்ந்த எழுத்து எது என்று படித்துவிடலாம்.

பளிங்கின் இந்தப் பலவீனத்தால்தான் 1830களுக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீன் கருங்கல் பிடித்துக்கொண்டது. அலெக்சாண்டர் மெக்டொனால்ட் நீராவி இயந்திரத்தால் அதை மெருகேற்றும் வழியைக் கண்ட பிறகு, கண்ணாடி போன்ற கல்லறைக் கற்கள் ரயிலேறி இங்கிலாந்து முழுக்கப் போயின. நீடித்து உழைக்கும்தான். ஆனால் துணி மடிப்பு மாதிரி வேலைக்கு அது ஒத்துவராது, அதனால் இங்கே அதற்கு மேல் வேண்டாம்.

மார்ட்லேக் கூடாரம் இருபதாம் நூற்றாண்டில் ரொம்பக் கஷ்டப்பட்டது. உடைப்பும் சேதமும் நடந்தன, கதவை அடைத்துவிட்டார்கள். 1975இல் ஒரு சீரமைப்பு, 2012–13இல் பெரிய அளவில் இன்னொன்று. இப்போது அது சட்டப் பாதுகாப்பில், இங்கிலாந்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இரண்டாம் தர நட்சத்திர (Grade II*) வகுப்பில் உள்ள கட்டுமானம். இப்படிப்பட்ட கல்லறைகளைப் பழுது பார்ப்பதில் ஒரு அடிப்படை விதி உண்டு: பழைய இணைப்புகளில் சிமென்ட் வைக்கவே கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வெளியேறும், கூடவே உப்பும் வந்து கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்றுவிழும். மடிப்புக் கல்லில் ஒரு செதில் போனால் அந்த அலையே போச்சு. உங்கள் குடும்பக் கல்லறை எங்கே இருந்தாலும் இதையே கடைப்பிடியுங்கள்: வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், அதற்கு மேல் வேண்டாம். கம்பிப் பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றும் கல்லுக்கு எதிரி.

கடைசிக் கேள்வி, உள்ளே போக முடியுமா? கதவு வழியாக முடியாது. ஆனால் பின்பக்கம் சிறு இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறினால் கண்ணாடி ஜன்னல் வழியாக இரண்டு பெட்டிகளையும் விளக்குகளையும் மணிகளையும் பார்க்கலாம். வாட்டர்லூவிலிருந்து மார்ட்லேக்குக்கு நேரடி ரயில் உண்டு. நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். பூசை நேரத்தில் போனால் அமைதியாக இருங்கள், அது இன்றும் பங்குக் கோயில். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு உள்ளே எதுவும் தெரியாவிட்டால் இரண்டு கைகளையும் முகத்தின் பக்கங்களில் மறைப்பாக வைத்துக்கொண்டு பாருங்கள். இறங்கிய பிறகு ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் இணைப்புக் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அலை அதைக் கடக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே நான் சொன்ன வேலை முழுவதும் அந்த ஒரு சாண் இடத்தில் தெரியும்.